இரண்டு கேபிள்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
4-8-1969

கியாசுதீன் பாய்க்கு, துரைக்கண்ணு சம்சாரம் மணியம்மாள் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை விட்டுவிடுகிறேன். உங்கள் விலாசத்தை உங்கள் மெஹதாப் அக்காவிடம் வாங்கினேன். கப்பல் விசாகப்பட்டினத்தில் பழுதுக்கு நிற்கிறது, தம்பி அங்கேதான் இருக்கிறான் என்றார்கள்.

கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. என் மூத்தார் வரதராஜன் படித்துச் சொன்னார். அவர் பட்டுக்கடையில் வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியும். ஜூலை ஒன்பதாம் தேதி விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு உங்கள் சிநேகிதர் கடலில் விழுந்தார், பதினொரு மணி வரை தேடினார்கள். இது மதராஸிலிருந்து கம்பெனி ஆள் வந்து ஏற்கெனவே சொன்னதுதான். புதிதாக இருப்பது ஒரு வரி. "கடைசியாகக் காணப்பட்டார். கப்பலிலிருந்து இரண்டு கேபிள்."

கேபிள் என்றால் வெளிநாட்டுத் தந்தியாம். சிங்கப்பூர்க் கடைக்காரர் வாரத்துக்கு ஒன்று அடிப்பார், அதனால் மூத்தாருக்கு அந்த வார்த்தை தண்ணீர் பட்ட பாடு. அவர் என்னிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. மாமியாரைப் பார்த்து எனக்குச் சொன்னார்: "தம்பியப் பார்த்திருக்காங்கம்மா. பார்த்துட்டுத்தான் கப்பல்லேர்ந்து ரெண்டு கேபிள் அடிச்சிருக்காங்க. அது வந்துக்கினு இருக்குது. வர்ற வரைக்கும் யாரும் அழுதுக்கினு நிக்காதீங்க."

அந்த இரண்டு தந்தியும் இங்கே வரவில்லை. யாருக்கு அடித்தார்கள், என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தால் எழுதவும். நீங்கள்தான் அவரைக் கப்பலில் சேர்த்துவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. உங்களை விட்டால் யாரைக் கேட்பது என்பதற்காகச் சொன்னேன்.

மணியம்மாள்


விசாகப்பட்டினம்
14-8-1969

மரியாதைக்குரிய அண்ணிக்கு, கியாசுதீன் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. தலையணைக்கு அடியில் வைத்திருந்து இன்று எழுத உட்கார்ந்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

துரைக்கண்ணுவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே வருஷம் பெயிலானவர்கள். அவனுக்குக் கப்பல் வேலை வாங்கிக்கொடுத்தது நான்தான். நீங்கள் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதியிருப்பதைப் பலமுறை படித்தேன்.

தந்தி விஷயம். கேபிள் பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது. அதெல்லாம் மேலே ஆபீசர்கள் வைத்துக்கொள்கிற கணக்கு. தந்தியாகவும் இருக்கலாம். வரதராஜன் அண்ணன் படித்தவர், அவர் சொன்னால் யோசிக்காமல் சொல்லமாட்டார். அவனுடைய பெட்டியைக் கம்பெனி ரயிலில் அனுப்பும். பூட்டுச் சாவியை நான் தனியாக ரிஜிஸ்டரில் அனுப்புகிறேன். உள்ளே இருப்பது எல்லாம் இருந்தபடியே இருக்கிறது, நான் எதையும் தொடவில்லை.

அத்தையை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் கொடுப்பான்.

கியாசுதீன்


செவிலிமேடு
21-8-1969

பாய்க்கு,

சாவி வந்தது. பெட்டியும் வந்தது. இன்னும் திறக்கவில்லை.

தந்தி ஆபீசுக்குப் போனேன். நமச்சிவாயம் என்று ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷர். ஜூலை ஒன்பதிலிருந்து மூன்று நோட்டுப் புரட்டினார். "உங்க வீட்டு விலாசத்துக்கு ஒரு கல்யாண வாழ்த்து கூட வரலியேமா" என்றார். அடுத்த வாரமும் போனேன். என்னைக் கண்டதும் அவரே தலையை ஆட்டிவிட்டார். இப்போது வாரா வாரம் போகிறேன். போய் நின்றால் அவருக்குச் சங்கடமாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை.

மாமியார் காரியம் செய்துவிடலாம் என்கிறார். மூத்தார், தந்தி வரட்டும், உயிரோடு இருக்கிறவனுக்குக் காரியம் செய்தால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார். நான் நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு தறிக்காரர் வீட்டுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருக்கிறேன். குழாயடியில் என் நெற்றியைப் பார்த்த பிறகுதான் குடத்தைப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு காந்தா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு என் வாசலில் வந்து நிற்கிறாள். எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?

எனக்கு அழுகை வரவில்லை, பாய். வரும் வரும் என்று நாலு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். பல் பிடுங்கின பிறகு கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. தாலி இருக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா என்று யாராவது சொன்னால் அதன்படி செய்வேன். அது தெரியாமல் நிற்பதுதான் முடியவில்லை.

அதனால் கம்பெனிக் கடிதத்தில் உள்ள வரியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ராஜகோபால் என்று காலேஜ் பையன் எழுத்துக்கூட்டிச் சொன்னான். "லாஸ்ட் சீன் டூ கேபிள்ஸ் ஃப்ரம் தி வெசல்." நீங்கள் பதிமூன்று வருஷமாகக் கப்பலில் இருக்கிறீர்கள். இதற்கு என்ன அர்த்தம்?

மணியம்மாள்


விசாகப்பட்டினம்
30-8-1969

அண்ணிக்கு,

அந்த வரியைப் பார்த்தேன். தந்தி இல்லை. அது அளவு.

கப்பலிலிருந்து இரண்டு கேபிள் தூரத்தில் கடைசியாகக் காணப்பட்டான் என்று அர்த்தம். வரதராஜன் அண்ணன் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துப் படித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, பட்டுக்கடையில் கேபிள் என்றால் தந்திதான்.

கடலில் பாகம் என்று ஒரு கணக்கு உண்டு. தூத்துக்குடி ஆட்கள் சொல்லிக்கொடுத்தது. இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனி வரை ஒரு பாகம், ஆறு அடி. நூறு பாகம் ஒரு கேபிள். ஆபீசர்கள் கடல் மைலில் பத்தில் ஒன்று என்பார்கள், ஏறக்குறைய அதேதான். ஆக இரண்டு கேபிள் என்பது ஆயிரத்து இருநூறு அடி. கெஜத்தில் சொன்னால் நானூறு.

தந்தி ஆபீசுக்கு இனிமேல் போகவேண்டாம். காரியத்தைச் செய்துவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

கியாசுதீன்


செவிலிமேடு
9-9-1969

பாய்க்கு,

மூத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. "கப்பல்ல கயிறு கட்டறவன் எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றானா?" என்று மாமியாரிடம் கேட்டார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மாமியாரோ உங்கள் கடிதத்தில் பாகம் என்று காதில் விழுந்ததும், "நூறு பாகமா? யார் யாருக்கு?" என்றார். நிலத்தைப் பங்கு போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

கடைசியில் பள்ளிக்கூடத்து திருஞானசம்பந்தம் சார் வீட்டில் பெரிய அகராதி இருக்கிறது என்று மூத்தாரே போனார். நானும் பின்னாலேயே போனேன். முதல் அர்த்தம் தடிமனான கயிறு. அடுத்தது தந்தி. அதற்கும் கீழே பொடி எழுத்தில் கடல் அளவு, அறுநூற்றெட்டு அடி. அமெரிக்காவில் எழுநூற்றிருபது அடி. சார் நீங்கள் சொன்னதுதான் சரி என்றார். மூத்தார் விடவில்லை. "அளவுன்னா ஒரே அளவா இருக்கணும் சார். ஊருக்கு ஒரு அளவு இருந்தா அது எப்படி சார் அளவு? கெஜம் எல்லா ஊர்லயும் கெஜம்தானே?" என்று அரைமணி நேரம் வாதாடினார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மூத்தாருக்கு அது தந்தியாக இருந்தே ஆகவேண்டும். தம்பி செத்துப்போனதை இரண்டாம் அர்த்தத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

நான் உங்கள் கணக்கை எடுத்துக்கொண்டு தாமலுக்குப் போனேன். அது என் பிறந்த ஊர். என் தம்பி அர்ஜுனனைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் நானூறு கெஜம் அளந்தேன். அவனை அந்தக் கோடியில் நிற்கச் சொல்லிவிட்டு இந்தக் கோடியில் நின்றேன். அவன் துண்டை உதறியது தெரிந்தது. கையைத் தூக்கச் சொல்லியிருந்தேன், தூக்கினான், தெரிந்தது. கூப்பிடச் சொல்லியிருந்தேன். காற்று இந்தப் பக்கம் அடித்தபோது "அக்கா" என்று மெல்லிசாகக் கேட்டது.

உங்கள் சிநேகிதர் எங்கள் கல்யாணமான வருஷம் அந்த ஏரியைக் குறுக்கே நீந்திக் கரையேறி, ஈர வேட்டியோடு என் அப்பாவிடம் திட்டு வாங்கினார்.

தந்தி என்றால் அவர் உயிரோடு இருக்கிறார். அளவு என்றால் அவர் கண்ணுக்கு எதிரே இருந்தார். எது என்று கேட்டேன், அளவு என்றீர்கள். சரி. அப்படியானால் ஏன் எடுக்கவில்லை? அவர் கையைத் தூக்கினாரா?

இன்னொன்று. முதல் கடிதத்தில் கேபிள் பற்றிச் சரியாகத் தெரியாது என்று எழுதினீர்கள். அடுத்ததில் விரல்நுனிக் கணக்கு வரை எழுதுகிறீர்கள். பதினைந்து நாளில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்?

மணியம்மாள்


விசாகப்பட்டினம்
18-9-1969

அண்ணிக்கு,

ஏரிக்கரையில் அளந்தால் கடல் தெரியாது. கரை அசையாது, நிற்கிறவனும் அசையமாட்டான். கடலில் ஆள் இருப்பது தலை மட்டும்தான். அலைப் பள்ளத்தில் இறங்கினால் நூறு கெஜத்திலேயே தெரியாது. கப்பல் லகானைப் பிடித்தவுடன் நிற்க ஜட்கா வண்டியும் இல்லை. திரும்பி வரவே கால் மணி நேரம் ஆகும்.

அந்த அளவையும் நீங்கள் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நீங்களே அகராதியில் பார்த்திருக்கிறீர்கள், அறுநூற்றெட்டு என்பாரும் உண்டு, எழுநூற்றிருபது என்பாரும் உண்டு. நூறு பாகம் என்று நான் எழுதியதும் தோராயம்தான். யாரோ அவசரத்தில் வாய்க்கு வந்த அளவைச் சொன்னதை வைத்துக்கொண்டு கெஜம் கெஜமாக அளந்து என்ன ஆகப்போகிறது? எழுதியது நடந்துவிட்டது.

இதற்குமேல் இந்த அளவு விஷயமாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அடுத்த மாதம் வேறு கப்பல். மெடிக்கல், போட்டோ என்று அலைச்சல்.

கியாசுதீன்


செவிலிமேடு
25-9-1969

பாய்க்கு,

கார்டில்தான் எழுதுகிறேன். தபால்காரர் படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

"யாரோ அவசரத்தில் வாய்க்கு வந்த அளவைச் சொன்னது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த யாரோ யார்?

மணியம்மாள்


விசாகப்பட்டினம்
8-10-1969

அண்ணிக்கு,

நான்தான்.

உங்கள் கார்டு வந்த அன்று தொழுதுவிட்டு எழுதலாம் என்று போனேன். தொழவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. பத்து நாள் இப்படிப் போயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கப்பல் எவ்வளவு தூரம் ஓடியது என்று அளக்கப் பின்னால் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். அதன் நுனியில் ஒரு காற்றாடி மாதிரி சுற்றும், இந்தப் பக்கம் மீட்டரில் மைல் ஓடும். அன்று விடிகாலை மீட்டர் நின்றுவிட்டது. ஏதோ சிக்கியிருக்கிறது என்று பின்தளத்துக்குப் போனோம், நானும் அவனும் மட்டும். அவன் கம்பிக்கு வெளியே குனிந்து கயிற்றை இழுத்தான். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் இல்லை. சத்தம்கூட வரவில்லை.

மிதவையை வீசினேன். டெலிபோனை எடுத்து மேலே சொன்னேன். இரண்டாம் ஆபீசர் எவ்வளவு தூரத்தில் என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷில் தூரம் சொல்லத் தெரியாது. ஆபீசர்கள் தூரத்துக்குக் கேபிள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் பின்தளத்தில், துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிற கம்பிக் கயிறு சுருட்டிக் கிடக்கும். அதற்கும் கேபிள் என்றுதான் பெயர். முப்பது பாகம் நீளம். ஆபீசர்கள் சொல்வதும் அதைத்தான் என்று பதிமூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணி. யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய வேளையும் வந்ததில்லை. கயிற்றைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். இரண்டு கயிறு தூரம். "டூ கேபிள் சார்" என்றேன்.

அறுபது பாகம். நூற்றிருபது கெஜம். அவர் நானூறு கெஜம் என்று எடுத்துக்கொண்டு அந்த இடத்தைக் குறித்தார். கப்பல் சுற்றி வந்தது. படகை இறக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கடலிலிருந்து கண்ணை எடுத்தேன். மறுபடி பார்த்தபோது எல்லாம் ஒரே தண்ணீர், வெயில் எதிரே வந்துவிட்டது. படகு அவர் குறித்த இடத்துக்குப் போனது. இங்கே இல்லை, அவன் விழுந்தது இவ்வளவு தள்ளி இல்லை என்று எனக்குப் பட்டது. ஆபீசருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அவர் நடந்ததைப் புத்தகத்தில் எழுதும்போது, சார், ஒரு கேபிள் எவ்வளவு என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே நூறு பாகம் என்றார். எனக்குத் தெரிந்தது அந்த நிமிஷம்தான். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் முதல் கடிதம் வந்தபோது, தந்தியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நீங்கள் தந்தியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வரை யாரும் தூரத்தைக் கேட்க மாட்டீர்கள்.

கையைத் தூக்கினான். ஒரே தடவை. கூப்பிட்டான். உங்கள் பெயரை இல்லை, அதற்கு என்னை மன்னிக்கவும். "கியாசு" என்றான். பயந்த குரலே இல்லை. தீப்பெட்டி கேட்கிற குரல்.

கம்பெனியில் இதைச் சொன்னால் என் கப்பல் புத்தகத்தைப் பிடுங்கிவிடுவார்கள், அது இல்லாமல் எந்தக் கப்பலிலும் வேலைக்கு ஏற முடியாது. இருபத்தெட்டாம் தேதி நான் வேறு கப்பல் ஏற வேண்டும். நீங்கள் சொல்லச் சொன்னால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் இது நம் இரண்டு பேரோடு போய்விடும். மன்னிப்பும் கேட்கிறேன். கேட்கிற உரிமை இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன்.

கியாசுதீன்


செவிலிமேடு
19-10-1969

பாய்க்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். மூத்தாரிடம் காட்டவில்லை. மாமியாரிடம் மட்டும், "தந்தி வராதும்மா, காரியம் பண்ணிடலாம்" என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். புதன்கிழமை பாலாற்றில் காரியம். மூத்தார்தான் கொள்ளி வைக்கிற இடத்தில் நிற்க வேண்டும். முதலில் மாட்டேன் என்றார். இப்போது சாமானுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். மெஹதாப் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வர வேண்டாம்.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு சட்டை, ஒரு போர்வை, எனக்கு வாங்கிய குடை. சட்டையில் சோப்பு வாசனைதான் இருந்தது.

நூற்றிருபது கெஜத்தை அளக்க நான் எங்கேயும் போகவில்லை. எங்கள் வாசலிலிருந்து அரிசி மில் வரை அவ்வளவுதான் இருக்கும். அங்கே வேலை செய்கிற வீராசாமி தும்மினால் யார் தும்முவது என்று இங்கிருந்தே சொல்லலாம்.

கம்பெனிக்கு எழுதுங்கள். புத்தகத்தைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். பிடுங்கவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் ஏறப்போகிற கப்பலிலும் யாராவது விழலாம், அப்போதும் யாராவது தூரத்தைக் கேட்பார்கள். எழுதும்போது தமிழில் எழுதுங்கள், அறுபது பாகம் என்று. அந்த வார்த்தை உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதையே கத்தியிருக்கலாம். புரியவில்லை என்றால் அவர் திருப்பிக் கேட்டிருப்பார்.

என் பெயரைக் கூப்பிடவில்லை என்று எழுதி அதற்கு மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கூப்பிட்டு என்ன ஆகும், எனக்கா கேட்கப்போகிறது? கேட்கிற தூரத்தில் இருந்த ஆளைத்தான் கூப்பிட்டார்.

மற்றதற்குக் கேட்ட மன்னிப்பை என்னால் இப்போது கொடுக்க முடியாது. கோபம் வந்திருந்தால்தானே மன்னிக்க முடியும்? எனக்கு இன்னும் வரவில்லை, பாய். உங்கள் கடிதத்தைப் படித்தால் வரும் என்று நினைத்தேன். படித்துவிட்டுப் போய் உலை வைத்தேன். ஆனால் வரும். ஒரு வருஷமோ, பத்து வருஷமோ, வருகிற அன்று நான் உங்களுக்குத்தான் எழுத வேண்டும். வேறு யாருக்கு எழுதுவது?

அதனால் விலாசம் மாறினால் ஒரு கார்டு போடுங்கள்.

மணியம்மாள்